திங்கள் தொடக்கம் றேடியோவில வேலை: என்னத்தை ஆயத்தப்படுத்துறது?

கைதடிப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது. ஏஎல் கலைப்பிரிவு, பிறகு ஒரு வருச ஊடக டிப்ளோமா. யாழ்ப்பாணத்தில ஒரு சின்ன எப்எம் நிலையத்தில பயிலுநர் அறிவிப்பாளரா எடுத்திருக்கினம். பேர் சொல்லேல்லை, குறை நினைக்காதேங்கோ. கீழை கடை, மேல்மாடியில கலையகம், மொத்தம் எட்டுப் பேர். குரல் தேர்வுக்கு அண்டைய பேப்பரை நீட்டி "வாசியும்" எண்டார் முகாமையாளர். அரைப் பக்கம் வாசிச்சன். "வேகமா ஓடுறீர், ஆனா குரல் நிக்குது. திங்கட்கிழமை விடிய அஞ்சரைக்கு வாரும்." நேர்முகம் அவ்வளவுதான்.

அப்பாவுக்கு விருப்பமில்லை. "றேடியோவில கதைக்கிறதும் ஒரு உத்தியோகமோ, பாங்க் எக்ஸாம் எழுது" எண்டு நிக்கிறார். அம்மாவுக்கு அந்த விடிய அஞ்சரை தான் பிரச்சினை. எனக்கு ரெண்டும் இல்லை. டிப்ளோமாவில ஒலிபரப்பின்ரை வரலாறு படிப்பிச்சவை, தொடர்பாடல் கோட்பாடு படிப்பிச்சவை, ஒலியைக் கலக்கிற மிக்சர் மெசினைத் தொட மட்டும் விடேல்லை. மைக்குக்கு முன்னாலை இருந்தா என்ன கதைக்கிறது எண்டே தெரியாது. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

புட்டும்சம்பலும் எழுதியது:

வாழ்த்துகள் தங்கச்சி. தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ. மிக்சர் இருக்கிற மேசையில மட்டும் வைச்சிடாதேங்கோ. ஏன் எண்டு கேக்காதேங்கோ.

வயர்மன் எழுதியது:

பன்னிரண்டு வருசமா நான் கலையகக் கண்ணாடிக்கு மற்றப் பக்கம். புதுசா வாற பிள்ளையளின்ரை பிழை எல்லாம் எனக்குத் தான் முதல் கேக்கும்.

ஒலிவாங்கியை வாய்க்குள்ளை வைக்காதேங்கோ. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவா, நேரா இல்லாமல் சாடையாச் சரிஞ்சு இருங்கோ. நேரா இருந்து "பருத்தித்துறை" எண்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ, அந்தப் "ப" கேக்கிற ஆளின்ரை ஸ்பீக்கரில கதவை அடிச்சுச் சாத்தின மாதிரி விழும். சரிஞ்சு கதைச்சா காத்துப் பக்கத்தாலை போகும், குரல் மட்டும் உள்ளை போகும்.

சத்த அளவு காட்டுற மீற்றர் பச்சையில ஆடட்டும். அழுத்திச் சொல்லேக்கை மஞ்சளுக்குப் போய் வரலாம். சிவப்பில குடியிருக்கக் கூடாது. மைக் பேடரை, அதுதான் சத்தத்தை ஏத்தி இறக்கிற தள்ளுகட்டையை, ஏத்தினா அறைக்குள்ளை இருக்கிற ஸ்பீக்கர் தானா ஊமையாகும், அப்ப ஹெட்போன் இல்லாட்டி நீங்கள் செவிடு. அதாலை முதல் ஹெட்போன், பிறகு பேடர். முடிக்கேக்கை முதல் பேடரை இறக்கு, பிறகு தும்மு. இந்த ஒழுங்கை மாத்தின ஆக்கள் எல்லாரும் எண்டைக்கோ ஒருநாள் ஊருக்கே வீட்டுக்கதை சொல்லியிருக்கினம். எனக்குத் தெரிஞ்ச ஒராள் "உந்த மனிசன் போன மாசக் காசே இன்னும் தரேல்லை" எண்டு சொல்லி முடிய, அந்த மனிசன்ரை கடை விளம்பரம் போச்சுது. காசு அண்டைக்குப் பின்னேரமே வந்தது, அது வேறை கதை.

மற்றது, ஒண்டும் போகாமல் வெறுமையாக் கிடக்கிறது. டெட் எயார் எண்டுவம். வீட்டில மூண்டு செக்கன் ஒண்டுமில்லை. இஞ்சை மூண்டு செக்கனுக்குள்ளை ஓட்டோக்காரன்ரை கை அடுத்த நிலையத்துக்குப் போயிடும். ஒரு பாட்டு ஓடேக்கை அடுத்தது கியூவில நிக்க வேணும். கரண்ட் போனா கணினி யுபிஎஸ்ஸில நிக்கும், ஜெனரேற்றர் பிடிக்கக் கொஞ்சம் செல்லும், அதுக்குள்ளை பதறி எழும்பி ஓடாதேங்கோ. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க இருண்டுதே, அண்டைக்கு எங்கடை ஜெனரேற்றரில அரை மணித்தியால டீசல் தான் கிடந்தது. கானைத் தூக்கிக்கொண்டு ஓடினது நான். முதல் நாளே கேட்டு வையுங்கோ: டீசல் ஆற்றை பொறுப்பு?

சைக்கிள்டைனமோ எழுதியது:

பிள்ளை, எனக்கு 71 வயது. றேடியோ நிலையத்துக்குள்ளை ஒருநாளும் கால் வைக்கேல்லை. கேட்டவன் எண்ட தகுதியில எழுதுறன்.

1990 க்குப் பிறகு, சண்டைக் காலத்தில, இஞ்சை கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்த சாமான். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில வயர் எடுத்து றேடியோவுக்குக் குடுத்து, என்ரை மூத்தவன் பெடலைச் சுத்துவான். அவனுக்குக் கை உளைஞ்சா செய்தி வாசிக்கிறவரின்ரை குரல் தேஞ்சு தேஞ்சு கிணத்துக்குள்ளை இறங்கும். "சுத்தடா, சுத்தடா!" எண்டு முத்தத்தில இருக்கிற சனம் முழுக்கக் கத்தும். பிபிசியின்ரை லண்டன் தமிழோசைக்கு ஒழுங்கையே எங்கடை வீட்டில. அந்தப் பேரை அதுக்கு வைச்சவரும் எங்கடை சோ. சிவபாதசுந்தரம் தான். அப்பிடிக் கேட்டுப் பழகின காதுக்கு ஒரு சொல் விடுபட்டாலும் பிடிபடும். அதை மனசில வைச்சிரும்.

வேகத்துக்குக் கவலைப்படாதையும். இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா ஓடின ஓட்டத்துக்கு ஆர் ஓடுவினம்? ஆனா ஒரு எழுத்து மற்ற எழுத்தை உழக்காது. எஸ். பி. மயில்வாகனத்தின்ரை ஆறுதல் வேறை, ராஜேஸ்வரி சண்முகத்தின்ரை குரல் வேறை, அப்துல் ஹமீட்டின்ரை உச்சரிப்பு வேறை. ஒராளைப் பாத்து மற்றவர் கொப்பி அடிக்கேல்லை. தமிழ்நாட்டுச் சனம் கடல் தாண்டி இலங்கை வானொலி கேட்டதும் அதுக்குத் தான்.

சின்ன இடம் எண்டு கூச்சப்படவும் வேண்டாம். 1925 டிசம்பர் 16 இல கொழும்பு வானொலி தொடங்கேக்கை அதுவும் தந்தித் திணைக்களத்தின்ரை கைவேலை தான். அதுக்கு முன்னம் பரிசோதனைக்குப் பாவிச்ச பரப்பியை முதலாம் உலகப்போரில பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின்ரை பாகங்களை வைச்சுக் கட்டினவை. உம்மடை மேல்மாடி அதைவிட வசதி.

பனங்கொட்டை எழுதியது:

எல்லாம் சரி, இப்ப ஆர் றேடியோ கேக்கினம்? எல்லாற்றை காதிலையும் புளூடூத். ரெண்டு வருசத்தில அந்த மேல்மாடி ரியூசன் சென்ரர் ஆகிடும். அப்பா சொல்லுறதைக் கேளும்.

தீவான் எழுதியது:

நாளைக்கு விடியக் குறிகட்டுவான் பஸ்ஸில ஏறிப் பாரும் பனங்கொட்டை, ஆர் கேக்கினம் எண்டு தெரியும். சலூன், தையல்கடை, பேக்கரி, புகையிலை காய வைக்கிற கொட்டில், ஓட்டோ. கையில வேலை இருக்கிற சனத்துக்குப் போன் நோண்ட ஏலாது, காது மட்டும் தான் சும்மா கிடக்கு. காத்துக் காலத்தில நெடுந்தீவுப் படகு வெளிக்கிடுதோ இல்லையோ எண்டு விடிய ஆறு மணிக்கு ஒராள் சொன்னா, நான் வீட்டை விட்டு வெளிக்கிடுறதா படுக்கிறதா எண்டு முடிவெடுப்பன். அதை உம்மடை புளூடூத் சொல்லாது. தங்கச்சி, விடிய அஞ்சரைக்கு இருக்கப் போறீர் எண்டா கடல் எப்பிடி எண்டதைக் கேட்டு ஒருக்காச் சொல்லும், புண்ணியம் கிடைக்கும்.

ஸ்காபரோசித்தப்பா எழுதியது:

நானும் கேக்கிறன், அப்பிலை. இஞ்சை கனடாவில கோடையில இரவு எட்டரை எண்டா அங்கை அடுத்தநாள் விடிய ஆறு. நான் வேலையாலை வந்து சோறு போடேக்கை உங்கடை தேவாரம் போகுது. மரண அறிவித்தல் முடியுமட்டும் மனிசி ரீவி போட விடாள்.

முன்னாள்குரல் எழுதியது:

ஆம்பிளையள் எல்லாரும் மைக்கைப் பற்றிச் சொல்லிப் போட்டினம், இதை நான் சொல்லுறன். ஆறு வருசம் நான் எப்எம்மில இருந்தனான்.

தங்கச்சி, ஒலிபரப்புக்கு ஒரு பேர் வையும். சொந்தப் பேரின்ரை பாதி காணும். ஊர், வீடு, எந்த பஸ்ஸில வாறன் எண்டதெல்லாம் வாய் தவறியும் சொல்லாதையும். "கைதடியில இருந்து வரேக்கை பாலத்தடியில நல்ல காத்து" எண்டு நான் ஒருநாள் ஆசையாச் சொன்னன், அடுத்தநாள் அந்தப் பஸ்ஸில "நீங்கள் தானே அது" எண்டு ரெண்டு பேர். நல்ல பெடியள் தான், ஆனாலும் எனக்கு வயித்துக்குள்ளை ஒருமாதிரிப் போச்சுது. பாட்டுக் கேட்டு எடுக்கிற நேயரில நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தங்கமான ஆக்கள். மிச்சம் இருக்கிறவை "தங்கச்சி, உங்கடை நம்பரைத் தாங்கோவன்" எண்டுவினம். சிரிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். "உங்களுக்கு எந்தப் பாட்டு அண்ணை?" எண்டு கேட்டா "அண்ணை" எண்ட சொல்லே மிச்ச வேலையைப் பாக்கும்.

விடிய அஞ்சரைக்கு ஆர் கொண்டுவந்து விடுறது எண்டதை நிலையத்துக்காரரோடை முதலே கதையும். ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம். நினைச்சாலும் நினைக்கட்டும்.

கைதடிப்பிள்ளை எழுதியது:

முதல் நாள் முடிஞ்சுது! அப்பா தான் மோட்டச்சைக்கிளில கொண்டுவந்து விட்டவர். முழுவழியும் ஒரு சொல் கதைக்கேல்லை.

மைக் தரேல்லை. செருப்பை வாசல்ல விட்டிட்டுப் போகச் சொல்லிச்சினம். கலையகச் சுவருக்கு முட்டை அட்டை அடிச்சு, மேலை மாரூன் துணி. கதவுக்கு மேலை "ஒலிபரப்பில்" எண்டு எழுதின பெட்டிக்குள்ளை ஒரு சாதாரண குண்டு பல்ப், அதுக்குச் சிவப்பு செலோபேன் தாள் சுத்தியிருக்கு. அது பத்தினா கீழைக் கடைக்காரர் கூட மாவு மூட்டையைப் பொத்தெண்டு போடமாட்டாராம்.

நாள் முழுக்க என்ரை வேலை பதிவேடு எழுதுறது. எத்தினை மணிக்கு எந்த விளம்பரம் போனது, என்ன பாட்டு, எத்தினை செக்கன். பிறந்தநாள் வாழ்த்து 14 வந்தது, அதைத் தட்டச்சுப் பண்ணினன். அதில ஒரு குழந்தையின்ரை பேரை எப்பிடி வாசிக்கிறது எண்டு எனக்கும் தெரியேல்லை, மூத்த அறிவிப்பாளர் அக்காவுக்கும் தெரியேல்லை, கடைசியில தாய்க்குப் போன் எடுத்துக் கேட்டம். தாய் எங்களைப் பேசினவ.

வயர்மன் அண்ணை, டீசல் ஆற்றை பொறுப்பு எண்டு கேட்டன். எட்டுப் பேரும் ஆளை ஆள் பாத்திச்சினம்.

வயர்மன் எழுதியது:

நான் சொன்னனான்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஒருத்தரும் காசைப் பற்றிக் கேக்கேல்லை. நியமனக் கடிதம் தந்தவையோ? "பயிலுநர்" எண்ட சொல்லில நிறையப் பேர் ஏமாந்திருக்கினம். நான் முந்தி ஒரு இடத்தில பதினொரு மாசம் "பயிற்சி". சம்பளம் காசாக் கையில தருவினம், கடிதம் இல்லை, பிடிப்பனவுச் சீட்டு இல்லை. விட்டிட்டு வரேக்கை அங்கை வேலை செய்ததுக்கு ஒரு துண்டுக் காயிதம் கூட என்னட்டை இல்லை. இடத்தின்ரை பேர் வேண்டாம்.

பயிலுநர், தற்காலிகம், நிரந்தரம் எல்லாருக்கும் ஊழியர் சேமலாப நிதி வேலை தொடங்கின நாளிலை இருந்து உண்டு. உம்மடை சம்பளத்தில 8 வீதம் பிடிப்பினம், அவை 12 வீதம் போட வேணும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுக்க அவையின்ரை பங்கு, உம்மட்டைப் பிடிக்கக் கூடாது. மரியாதையாக் கேளும். "அண்ணை, என்ரை அங்கத்துவ இலக்கம் என்ன?" எண்டு கேட்டா காணும், உமக்கு விசயம் தெரியும் எண்டு அவைக்கு விளங்கிடும்.

இன்னொண்டு. சின்ன நிலையத்தில அறிவிப்பாளரை விளம்பரம் பிடிக்கவும் அனுப்புவினம். சாறிக்கடை, நகைக்கடை, ரியூசன். போறது பிழையில்லை. தரகு எத்தினை வீதம் எண்டதை எழுத்தில வாங்கிப்போட்டுப் போம்.

பனங்கொட்டை எழுதியது:

நான் எதிர்ப்பக்கம் கதைக்கிறன் எண்டு கோவிக்காதையும். கேக்க வேணும் எண்டா ஸ்டைல் வேணும். "ஹாய் மக்களே, செம மழை, செம பாட்டு" எண்டு துள்ளிக் கதைச்சா தான் இளம் பெடியள் நிப்பினம். இழுத்து இழுத்து யாழ்ப்பாணத்தில கதைச்சா செத்தவீட்டு அறிவித்தல் மாதிரி இருக்கும்.

தமிழ்ரீச்சர் எழுதியது:

முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"செம" என்று சொல்கிற பிள்ளை வீட்டில் அம்மாவோடு "செம" என்று கதைக்கிறதா? இல்லை. அப்படியானால் மைக்கைக் கண்டவுடன் அது எங்கிருந்து வருகிறது? கடன் வாங்கின சட்டை போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்கும் போகலாம், கலியாணவீட்டுக்கும் போகலாம், ஆனால் தோள்மூட்டுப் பொருந்தாதது பார்ப்பவருக்குத் தெரியும். நேயரோடு கதைக்கும்போது "உங்கை மழையோ? இஞ்சை விடியத் தொடக்கம் தூறுது" என்று சொல்லிப் பாருங்கள். அச்சுவேலியில் இருக்கிற மனிசி யன்னலால் எட்டிப் பார்ப்பா.

ஆனால் செய்தி வேறு. செய்தியில் "எண்டு" வரக்கூடாது; அங்கே எழுத்துத் தமிழ். அதற்காக எல்லா வசனத்தையும் "மேற்கொள்ளப்பட்டு வருகின்றமை குறிப்பிடத்தக்கது" என்று கட்டி முடிக்கவும் வேண்டாம். எங்கள் நாட்டுச் செய்தியில் குறிப்பிடத்தக்கதாக இல்லாத ஒரு விடயத்தை நான் இன்னும் கேட்கவில்லை. மாடு கிணற்றில் விழுந்ததும் குறிப்பிடத்தக்கது, மாட்டைத் தூக்கியதும் குறிப்பிடத்தக்கது. அந்த வாலை வெட்டிவிட்டு வாசித்தால் செய்திக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்கு மூச்சு மிஞ்சும்.

ழகரமும் ளகரமும் றகரமும் பழக ஊர்ப்பெயர்களே போதும். தெல்லிப்பழை, எழுதுமட்டுவாள், எழுவைதீவு, மூளாய், அளவெட்டி, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் குளிக்கும்போது சொல்லுங்கள். வேற்றூர்ப் பெயரைப் பிழையாகச் சொன்னால் மன்னிப்பார்கள். தன் ஊரின் பெயரைப் பிழையாகச் சொன்னவரை ஒருவரும் மன்னிப்பதில்லை.

பனங்கொட்டை எழுதியது:

ரீச்சர், மாடு விசயத்தில நான் தோத்தன். "செம" விசயத்தில இல்லை.

முன்னாள்குரல் எழுதியது:

செய்தியில ஒண்டு மறந்து போனன். பேஸ்புக்கில விபத்துப் படம் பாத்தா உடனை வாசிக்காதையும். பொலிசோ ஆஸ்பத்திரியோ உறுதிப்படுத்தாமல் இறந்த ஆளின்ரை பேர் உம்மடை வாயாலை வரக் கூடாது. தாய் பேக்கரியில நிண்டு அதைக் கேக்கலாம்.

கைதடிப்பிள்ளை எழுதியது:

மூண்டாம் கிழமை. இதை எழுதிறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சன்.

போன கிழமை தான் மரண அறிவித்தல் வாசிக்க விட்டவை. காலமை ஆறே முக்கால். அறிவித்தல் வட்ஸ்அப்பில படமா வந்தது, கையெழுத்து, ஒரே தாளில ரெண்டு பேரின்ரை. படத்தில முதலாவதின்ரை கடைசி வரி மடிப்புக்குள்ளை போயிட்டுது. நான் வாசிச்சுக்கொண்டு போக, கண் தானா அடுத்த அறிவித்தலின்ரை கடைசி வரிக்கு இறங்கிட்டுது. கோம்பயன்மணல் எண்டு வர வேண்டியது, வில்லூன்றி இந்து மயானம் எண்டு போச்சுது. எனக்கு அது தெரியவும் இல்லை. வடிவா வாசிச்சிட்டன் எண்டு மனசுக்குள்ளை சந்தோசம் வேறை.

ஏழு மணிக்குப் போன் அடிச்சுது. ஒரு ஆம்பிளைக் குரல், கோவமே இல்லை. "பிள்ளை, அப்பாவைக் கொண்டுபோறது கோம்பயன்மணலுக்கு. பத்து மணிக்கு எடுக்கிறம். தூரத்தில இருந்து வாற சனம் நேரா சுடலைக்குத் தான் வருவினம்" எண்டார். அவர் ஏசியிருந்தாப் பரவாயில்லை. என்ரை கை விறைச்சுப் போச்சுது. மூத்த அக்கா தலை துவட்டாமல் ஓடிவந்து பாட்டை நிப்பாட்டி, திருத்தத்தை என்னையே வாசிக்கச் சொன்னவ. "பிழை விட்ட குரலே திருத்தவேணும், அப்ப தான் கேட்ட சனம் நம்பும்" எண்டா. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பத்து மணி வரைக்கும் வாசிச்சன். எட்டரைக்கு அந்த வீட்டிலை இருந்து திரும்பப் போன். இந்த முறை ஒரு பொம்பிளை, நல்ல கோவம்: "மயானத்தைத் திருத்தினியள் சரி, மருமகன்ரை பேருக்கு முன்னாலை டொக்டர் எண்டு சொல்லாமல் விட்டிட்டியள், அதை ஆர் திருத்துறது?" அதையும் சேத்து வாசிச்சம்.

முடிஞ்ச பிறகு படிக்கட்டில இருந்து அழுதன், கீழைக் கடையின்ரை சோடாப் பெட்டியளுக்கு நடுவிலை. முகாமையாளர் ஏறி வந்தவர், பாத்தவர். "இனி மரண அறிவித்தல் முழுக்க நீர் தான்" எண்டு சொல்லிப்போட்டு மேலை போயிட்டார். இது தண்டனையோ என்னெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.

சைக்கிள்டைனமோ எழுதியது:

பிள்ளை, அந்தத் திருத்தம் நான் கேட்டனான். மூண்டு தரம் கேட்டன். குரல் முதல் தரம் நடுங்கினது, மூண்டாம் தரம் நடுங்கேல்லை. எனக்கு அந்த வீட்டாரைத் தெரியாது, ஆனா எங்கடை ஒழுங்கையில இருந்து ரெண்டு பேர் போனவை. சரியான இடத்துக்குத் தான் போனவை.

தமிழ்ரீச்சர் எழுதியது:

மரண அறிவித்தல் எங்கள் வானொலியில் மிகவும் கடினமான வாசிப்பு. யாரும் அதை அப்படி நினைப்பதில்லை. முழு அறிவித்தலும் ஒரே வசனம். பிறப்பிடமாகவும், வசிப்பிடமாகவும், தம்பதிகளின் அன்பு மகனும், பாசமிகு கணவரும், அன்புத் தந்தையும், மைத்துனரும், பேரனும் ஆவார் என்று பதினைந்து "உம்" தாண்டித்தான் பயனிலை வரும். "உம்" வந்த பிறகு மூச்சு எடுங்கள், பெயருக்கு நடுவில் எடுக்கவேண்டாம். பென்சிலால் முதலே கோடு போட்டு வையுங்கள். "காலஞ்சென்ற" யாரைச் சேர்கிறது என்று பாருங்கள். "காலஞ்சென்றவர்களான" என்று இருந்தால் இருவர் போய்விட்டார்கள். "காலஞ்சென்ற" என்று மட்டும் இருந்து, பிறகு இரண்டு பெயர் வந்தால், இரண்டாமவர் உயிரோடு இருந்து நீங்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அங்கே ஒரு சின்ன நிறுத்தம் அவசியம்.

கடைசி வரியில் சமயத்தைப் பாருங்கள். இந்துக்களுக்குத் தகனக் கிரியை, மயானம். கிறிஸ்தவர்களுக்கு நல்லடக்கம், சேமக்காலை. முஸ்லிம்களுக்கு ஜனாஸா, மையவாடி. சேமக்காலை என்ற சொல்லைக் கொழும்பில் படித்த ஒரு பிள்ளை "சேமக்காளை" என்று வாசித்ததை நான் என் காதால் கேட்டேன்.

முன்னாள்குரல் எழுதியது:

படமா வாறதை ஒருநாளும் படத்தில பாத்து வாசிக்காதையும். தட்டச்சுப் பண்ணி, அந்த வீட்டுக்கே போன் எடுத்து, பேர், நேரம், சுடலை மூண்டையும் திருப்பி வாசிச்சுக் காட்டிப்போட்டுத் தான் ஒலிபரப்புக்குப் போக வேணும். ஒரு தாளில ஒரு அறிவித்தல். மற்றது, உம்மடை முகாமையாளர் தந்தது தண்டனை இல்லை. அந்த வேலையை நம்பிக்கை இல்லாத ஆளுக்குக் குடுக்கமாட்டினம். காசு வாற பகுதி அது.

ஸ்காபரோசித்தப்பா எழுதியது:

மனிசி சொல்லச் சொன்னவ: டொக்டர் எண்டு சேத்து வாசிச்ச பிள்ளை நல்ல பிள்ளையாம்.

கைதடிப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் சொன்ன மாதிரிப் பென்சில் கோடு போட்டுத் தான் இப்ப வாசிக்கிறன். அங்கத்துவ இலக்கமும் கேட்டன், முகாமையாளர் ஒருக்கா நிமிந்து பாத்தார், அடுத்த கிழமை ஒரு படிவம் வந்தது. தீவான் அண்ணை, விடிய ஆறு பத்துக்குக் கடல் நிலவரம் சொல்லுறன். அப்பா ஒண்டும் சொல்லுறேல்லை, ஆனா மோட்டச்சைக்கிளில வரேக்கை "நேற்று மட்டுவிலை முட்டுவில் எண்டு சொன்னனீ" எண்டார். நான் அப்பிடிச் சொல்லவே இல்லை. சொன்னனானோ தெரியாது.

இப்ப புதுப் பிரச்சினை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு நேரடி வர்ணனைக்கு அக்காவோடை என்னையும் அனுப்பினம். நான் வெளியிலை நிண்டு சனத்தைப் பற்றிச் சொல்ல வேணும், அக்கா மற்றதைப் பாப்பா. வெளி ஒலிபரப்பு எனக்கு இதுதான் முதல். என்னத்தைப் பாக்கிறது?

வயர்மன் எழுதியது:

மைக்குக்குச் ஸ்பொஞ் போட்டுக்கொண்டு போங்கோ, வீதியில காத்து அடிக்கும். அவ்வளவு சனம் ஒரே நேரம் போன் பாவிக்கேக்கை நெற்வேர்க் நெருங்கும், ரெண்டு கொம்பனிச் சிம் வையுங்கோ. மணியும் மேளமும் தொடங்கினா அதுக்கு மேலாலை கத்தாதேங்கோ, மைக்கை அதுக்குப் பக்கம் நீட்டிப்போட்டுப் பேசாமல் நில்லுங்கோ. அந்த ஒரு இடத்தில மட்டும் வாயை மூடினா டெட் எயார் இல்லை.

பனங்கொட்டை எழுதியது:

வெயிலுக்கு மண் சுடும், செருப்பில்லாமல் நிக்க வேணும். நிழல் உள்ள மூலையைப் பிடியும். நான் கேப்பன். புளூடூத்தில.

சைக்கிள்டைனமோ எழுதியது:

நல்லூரில பத்து மணி எண்டா பத்து மணி தான். ஒருத்தருக்காகவும் நிக்காது. பத்து மணிக்குக் கொடி ஏறேக்கை உங்கடை நிலையத்தில சாறிக்கடை விளம்பரம் போகக் கூடாது. ஒருமுறை ஒரு இடத்தில அப்பிடி நடந்தது, அரோகரா எண்ட சத்தம் வெட்டுப்பட்டு "ஆடித் தள்ளுபடி" எண்டு வந்தது. எங்கடை வீட்டில அண்டையோடை அந்த நிலையத்தை மாத்தினம்.

கைதடிப்பிள்ளை எழுதியது:

ஐயோ. 9.58க்கு நகைக்கடை விளம்பரம் ரெண்டு நிமிசம் போட்டிருக்கினம், பதிவேட்டில என்ரை கையாலை எழுதினது. இப்பவே முகாமையாளருக்கு எடுக்கிறன்.